குழந்தை வாய் திறந்த பிறகு

இந்த அத்தியாயம் கோலார் தங்கவயலில் குழந்தைகளோடு அன்றாடம் பழகுகிற பெரியவர்களுக்கானது. அம்மா, அப்பா, பாட்டி, டியூஷன் அக்கா, அங்கன்வாடி டீச்சர், பக்கத்து வீட்டு மாமா, ஞாயிறு பள்ளி நடத்துகிறவர் என்று யாராக இருந்தாலும் சரி. மனநல மருத்துவர்களுக்கு வேறு நூல்கள் இருக்கின்றன. ஆனால் பாலியல் கொடுமைக்கோ அடி உதைக்கோ ஆளான குழந்தை முதலில் மருத்துவரைத் தேடிப் போவதில்லை. தனக்குப் பழக்கமான ஒரு பெரியவரிடம்தான் வருகிறது, சில சமயம் சொல்லாலும் பல சமயம் நடத்தையாலும். அந்த ஒரு பெரியவர் பதறாமல், ஓடாமல், மூடி மறைக்காமல் கூடவே நின்றால் குழந்தை தேறும். இந்த அத்தியாயத்தில் மற்றதெல்லாம் அந்தப் பெரியவர் எப்படி நிற்பது என்பதற்கான விளக்கம்தான்.

நம் ஊரில் இதைத் தனியாகப் பேச ஒரு காரணம் உண்டு. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, ஷிப்ட் முடிந்து நடந்தே வீடு வந்த அப்பாக்களின் காலம் முடிந்தது. இன்று ஆயிரக்கணக்கானோர் இருட்டோடு எழுந்து மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் உரிகத்திலும் கோரமண்டலிலும் ரயிலேறி, பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போகிறார்கள். அவர்கள் திரும்பும்போது சின்னப் பிள்ளைகள் தூங்கியிருக்கும். பள்ளி விட்டதிலிருந்து அதுவரை பிள்ளை யார் கண்ணில் இருக்கிறது? பெரும்பாலும் பாட்டி பார்த்துக்கொள்கிறார். பாட்டிக்கு முடியாவிட்டால் அண்டை வீடு, அதுவும் இல்லையென்றால் தெரு. வேலைக்குப் போகும் பெற்றோரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. வசதியான வீடுகளிலும், பெற்றோர் நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கும் குடும்பங்களிலும் இதே கொடுமை நடக்கிறது. குற்றம் செய்தவனைத் தவிர வேறு யாரும் குற்றவாளி இல்லை. ஆனால் பகல் முழுக்கப் பெற்றோர் தொலைவில் இருக்கும் ஊரில், சொல்ல வந்த குழந்தைக்குச் சொல்ல ஆள் கிடைக்காமல் போகிறது. அந்த இடத்தை நாம் நிரப்பியாக வேண்டும்.

தெரிந்தவர்தான்

மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசி எழுதப்பட்ட அறிக்கை அது. அவர்களில் 53.22 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு வகையில் பாலியல் கொடுமையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். "பையன்தானே, அவனுக்கென்ன" என்று விட்டுவிடுகிற வீடுகள் இந்த ஒரு எண்ணையாவது மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கொடுமை செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அது நம்பியவர்கள் என்பதையும் அந்த அறிக்கை பதிவு செய்தது.

2018-இல் சென்னை அயனாவரம் அடுக்குமாடிக் குடியிருப்பில் செவித்திறன் குறைந்த 11 வயதுச் சிறுமிக்கு நேர்ந்ததைத் தமிழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காவலாளி, லிஃப்ட் இயக்குபவர், குழாய் வேலை செய்பவர் என்று தினமும் கண்ணில் படுகிற ஆட்கள்தான் பல மாதங்களாக அந்தக் குழந்தையைச் சிதைத்தார்கள். 2020 பிப்ரவரியில் சென்னை நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அந்தச் சிறுமி முதலில் மனம் திறந்தது தன் அக்காவிடம். அந்த அக்கா நம்பியதால்தான் வழக்கே வந்தது.

அறிமுகமில்லாதவரிடம் மிட்டாய் வாங்காதே என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு நாம் நிம்மதியாக இருக்கிறோம். உறவுக்காரரோ, மாஸ்டரோ, வீட்டு வாடகைக்காரரோ, சபைப் பெரியவரோ கை வைத்தால் பிள்ளைக்கு அது தப்பு என்று சொல்லவே வார்த்தை இருக்காது. பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்று நாமே பழக்கியிருப்போம்.

உடம்பு சொல்கிற சேதி

சுரங்கத்தில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு 'ஏர் பிளாஸ்ட்' என்ன என்று தெரியும். கல்லை வெட்டியெடுத்த இடத்தைச் சுற்றியுள்ள பாறையில் அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும். வெட்டி முடித்து வெகுகாலம் ஆன பிறகு, யாரும் தொடாத நேரத்தில், ஒரே நொடியில் வெடித்துச் சிதறும். பூமிக்கடியில் நடந்தது மேலே தொழிலாளர் லைன் வீடுகளில் பாத்திரத்தை உருட்டும். குழந்தையின் மனக்காயமும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. சம்பவம் நடந்த அன்று பிள்ளை சாதாரணமாக விளையாடியிருக்கலாம், சோறு சாப்பிட்டிருக்கலாம். ஆறு மாதம் கழித்து ஒரு வாசனைக்கோ சத்தத்துக்கோ தூக்கிவாரிப்போட்டு அலறும். "அன்னைக்கு நல்லாத்தானே இருந்தா" என்பது எதற்கும் ஆதாரம் ஆகாது.

பயத்தின் உச்சத்தில் உடம்பு மூன்றில் ஒன்றைச் செய்யும்: எதிர்க்கும், ஓடும், அல்லது உறைந்து போகும். தன்னைவிடப் பெரிய, தனக்குத் தெரிந்த ஒருவன் முன்னால் குழந்தையால் எதிர்க்கவும் முடியாது, ஓடவும் முடியாது. உறைந்து போவது ஒன்றுதான் மிச்சம். "ஏன் கத்தலை? ஏன் ஓடி வரலை?" என்று கேட்கிறவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். கத்தாதது சம்மதம் ஆகாது. கத்தச் சொல்லும் மூளையே அந்த நேரத்தில் வேலை செய்யவில்லை.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை மறுபடி படுக்கையில் சிறுநீர் கழிக்கும், பேசிக்கொண்டிருந்த வார்த்தைகளை மறக்கும், ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப விளையாடும், பொம்மையை அடிக்கும். பள்ளிப் பிள்ளைக்கு வயிற்று வலி, தலை வலி வரும், டாக்டர் பார்த்தால் ஒன்றும் இருக்காது. பாடத்தில் கவனம் நிற்காது. பொதுக் கழிப்பிடம் உள்ள லைன்களில் தனியாக அங்கே போக மறுத்து நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருக்கும். ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கோ ஆளிடமோ போகச் சொன்னால் மட்டும் அடம் பிடிக்கும். வளர்ந்த பிள்ளைகள் கோபத்தால் பேசுவார்கள். சண்டை, வீட்டை விட்டு ஓடுதல், கையைக் கீறிக்கொள்ளுதல், குடி, பசையை முகர்தல் எல்லாம் இதில் வரும். சில பிள்ளைகள் தலைகீழாக, ரொம்ப நல்ல பிள்ளையாகிவிடுவார்கள். சொன்னதெல்லாம் கேட்பார்கள், எதுவும் கேட்க மாட்டார்கள். அவர்களைத்தான் நாம் கவனிக்காமல் விடுகிறோம்.

இவற்றில் ஒன்றைப் பார்த்ததும் கொடுமைதான் என்று முடிவு கட்டக் கூடாது. பரீட்சைப் பயம், வீட்டில் ஒரு சாவு, அப்பாவின் குடி என்று வேறு காரணமும் இருக்கலாம். திடீரென்று மாறியிருக்கிறதா, பல அறிகுறிகள் சேர்ந்து வருகின்றனவா என்று பாருங்கள். எந்தக் காரணமாக இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு ஒரு பெரியவரின் நேரம் வேண்டியிருக்கிறது என்பது மட்டும் உறுதி.

சொல்லும் அந்த நேரம்

குழந்தை முழுக் கதையையும் ஒரே மூச்சில் சொல்லாது. துண்டு துண்டாகச் சொல்லும், சொன்னதை மறுக்கும், மறுபடி சொல்லும். "எனக்குத் தெரிந்த ஒரு பொண்ணுக்கு இப்படி ஆச்சு" என்று ஆழம் பார்க்கும். நீங்கள் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது, விளக்கை அணைத்த பிறகு, நடந்து போகும்போது என்று உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிராத நேரமாகத் தேர்ந்தெடுக்கும்.

செய்கிற வேலையை மெல்ல நிறுத்துங்கள். குழந்தையின் உயரத்துக்கு உட்காருங்கள். லைன் வீட்டில் சுவருக்கு அந்தப்பக்கம் காது இருக்கும். அதனால், "வா, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்" என்று வெளியே கூட்டிப்போவது நல்லது. உங்களுக்குள் எரிமலையே வெடித்தாலும் குரல் தணிந்திருக்கட்டும். நீங்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதால், அம்மாவை நான்தான் அழ வைத்தேன் என்று குழந்தை எடுத்துக்கொள்ளும், அதோடு வாயை மூடிக்கொள்ளும். "அவனை வெட்டிப்போடறேன்" என்று அப்பா எழுந்தாலும் அதே கதிதான். அப்பா ஜெயிலுக்குப் போவது தன்னால்தான் என்ற பயம் வந்துவிடும்.

சொல்ல வேண்டியவை நான்கே வாக்கியங்கள். "நீ எங்கிட்ட சொன்னது நல்லதாச்சு கண்ணு." "நீ சொல்றதை நான் நம்பறேன்." "உன் மேல ஒரு தப்பும் இல்லை." "உன்னைப் பத்திரமா பாத்துக்க என்ன செய்யணுமோ அதை நான் செய்யறேன்." உங்கள் வீட்டில் பேசுகிற தமிழிலேயே சொல்லுங்கள். தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளையென்றால் அந்த மொழியில் சொல்லுங்கள்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். அது காப்பாற்ற முடியாத சத்தியம், உடைந்தால் குழந்தைக்கு இரண்டாவது துரோகம். "உதவி செய்யறவங்க ரெண்டு மூணு பேருக்கு மட்டும் சொல்லணும். யாருக்குச் சொல்றேன்னு உங்கிட்ட முன்னாடியே சொல்லிடறேன்" என்பது நேர்மையான பதில்.

நோண்டிக் கேட்காதீர்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கலாம். "அவன் இங்க தொட்டானா?" என்று நீங்களே பதிலை ஊட்டும் கேள்வி வேண்டாம். அது குழந்தையையும் குழப்பும், பின்னால் நீதிமன்றத்தில் சொல்லிக்கொடுத்துப் பேச வைத்தார்கள் என்று எதிர்த்தரப்பு வாதாடவும் இடம் கொடுக்கும். குழந்தை சொன்னதை அதன் வார்த்தைகளிலேயே, தேதியும் நேரமும் போட்டு அன்றே எழுதி வையுங்கள். பிறகு அத்தை, சித்தப்பா, பக்கத்து வீடு என்று ஒவ்வொருவர் முன்னாலும் நிறுத்தி "இவங்ககிட்டயும் சொல்லு" என்று கேட்பதை அடியோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் குழந்தை அதை மறுபடி அனுபவிக்கிறது.

புகார்: சட்டம் நம் பக்கம் இருக்கிறது

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலரையும் அது காக்கிறது. இதன் 19-ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. பள்ளி, விடுதி போன்ற நிறுவனத்தின் பொறுப்பாளர் தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு புகார் கொடுத்தவர்மீது வழக்குப் போட முடியாது.

1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், காசு செலவில்லை. உடனடி ஆபத்து என்றால் 112. தங்கவயலுக்கென்று தனிக் காவல் மாவட்டமும் தனி எஸ்.பி.யும் இருப்பதால், நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் கோலார் வரை போகாமல் இங்கேயே மேலதிகாரியிடம் போகலாம். புகாரைப் பதிவு செய்யாத போலீஸ்காரருக்கும் அதே சட்டத்தில் தண்டனை உண்டு. முதல் தகவல் அறிக்கையின் (எஃப்.ஐ.ஆர்.) நகல் உங்களுக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும்.

நம் ஊர்க் குடும்பங்கள் அதிகம் தயங்குவது மொழியை நினைத்து. நிலையத்தில் எழுதுவது கன்னடத்தில், பிள்ளை பேசுவது தமிழில். இதற்குச் சட்டத்தில் தெளிவான பதில் இருக்கிறது. குழந்தை சொன்னபடியே வாக்குமூலம் எழுதப்பட வேண்டும். எழுதும் மொழி குழந்தைக்குப் புரியாததாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் தரப்பட வேண்டும். "பரவாயில்லை சார், எனக்குக் கொஞ்சம் கன்னடம் வரும்" என்று நீங்களே சமாளிக்க வேண்டாம். உடம்பைப் பற்றியும் நடந்ததைப் பற்றியும் பேசும்போது ஒரு சொல் மாறினால் வழக்கே திசை மாறும். மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, புரிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ எடுக்க வேண்டும். முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து எடுக்க வேண்டும். குழந்தை நம்புகிற ஒரு பெரியவர் கூட இருக்கலாம். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. லைனில் ஜீப் வந்து நின்றால் ஊரே கூடிவிடும் என்பது உண்மைதான். சாதாரண வண்டியில், சாதாரண உடையில் வரச் சொல்லிக் கேளுங்கள். அது சலுகை இல்லை, குழந்தையின் உரிமை.

மருத்துவமனைக்குப் போக எஃப்.ஐ.ஆர். வரும்வரை காத்திருக்க வேண்டாம். ராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனையானாலும் கோலார் எஸ்.என்.ஆர். மாவட்ட மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், முதல் சிகிச்சை இலவசம். போலீஸ் கடிதம் கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரையும் சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். முடிந்தால் குளிப்பாட்டாமல், உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஏற்கெனவே குளிப்பாட்டியிருந்தாலும் போகத் தயங்க வேண்டாம். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பிறப்புறுப்புக்குள் விரல் விட்டுப் பார்க்கும் 'இரு விரல் சோதனை' செய்வது முறைகேடு என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் அழுத்திச் சொல்லியிருக்கிறது. யாராவது செய்ய வந்தால் மறுத்துவிடுங்கள்.

போலீஸ் 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். கொடுமை செய்தவன் அதே வீட்டில் இருந்தால், குழந்தை அங்கேயே இருக்கலாமா, வேறு உறவினரிடம் போகலாமா என்று அந்தக் குழு முடிவு செய்யும். வீட்டை விட்டுப் போக வேண்டியவன் குற்றம் செய்தவன்தான் என்று குழுவிடம் வாதாடுங்கள். குழந்தையை விடுதிக்கு அனுப்புவது கடைசி வழியாக இருக்கட்டும். வழக்கு முடியும்வரை குழந்தைக்குத் துணையாக வர ஓர் ஆதரவு நபரை நியமிக்கும்படி குழுவிடம் கேளுங்கள். 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகள் அதற்கு வழி செய்கின்றன. சாப்பாடு, போக்குவரத்து போன்ற அவசரச் செலவுக்குப் பணம் கொடுக்கப் பரிந்துரைக்கும் அதிகாரமும் குழுவுக்கு உண்டு. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போகும் வீடுகளுக்கு இது பெரிய உதவி. பலர் கேட்பதே இல்லை. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி ஆணையத்தை அழையுங்கள்.

விசாரணையை ஓராண்டுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கும். நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவன் குழந்தையின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், குழந்தையை மிரட்டும் கேள்விகளை நீதிபதி அனுமதிக்கக் கூடாது. போகும் முன்பே நீதிமன்ற அறையைக் குழந்தைக்குக் காட்டி வாருங்கள். யார் எங்கே உட்காருவார்கள் என்று தெரிந்தால் பாதிப் பயம் குறையும்.

ராஜி பேச வருவார்கள்

இது கட்டாயம் நடக்கும், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். புகார் கொடுத்த இரண்டாம் நாளே சங்கத்துப் பெரியவர், கட்சிக்காரர், சபைக்காரர், சொந்த மாமனே கூட வீட்டுக்கு வருவார்கள். "பொண்ணு பேரு கெட்டுப்போகும்", "நம்ம ஆளுங்கதானே", "அவன் அப்பாவும் உங்க அப்பாவும் ஒரே ஷாஃப்ட்ல இறங்கினவங்க" என்பார்கள். பணம் பேசுவார்கள். பெண் பிள்ளை கொஞ்சம் வளர்ந்தவளாக இருந்தால் அவனுக்கே கட்டிவைத்துவிடலாம் என்றும் சொல்வார்கள்.

போக்சோ குற்றத்தைப் பேசித் தீர்க்க யாருக்கும் அதிகாரம் இல்லை. 18 வயதுக்கு முன் நடக்கும் திருமணம் கர்நாடகத்தின் 2016-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி தொடக்கத்திலிருந்தே செல்லாது. குழந்தையின் பெயர், முகம், பள்ளி, முகவரி எதையும் வெளியிடுவது குற்றம். ஆகவே பெயரைக் கெடுப்பது புகார் இல்லை, வாட்ஸப்பில் பரப்புகிறவர்கள்தான். குழந்தையின் படமோ வீடியோவோ உங்களுக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்புவதே குற்றம். போலீசிடம் காட்டுங்கள். ராஜிக்கு வருகிறவர்களிடம் நீண்ட விவாதம் வேண்டாம். "கேஸ் கோர்ட்ல இருக்கு, இதைப் பத்திப் பேச மாட்டோம்" என்று ஒரே வரியில் கதவைச் சாத்துங்கள். அந்தப் பேச்சு குழந்தையின் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தன் விலையைப் பெரியவர்கள் பேரம் பேசுவதைக் கேட்ட குழந்தை அதை ஆயுசுக்கும் மறக்காது.

பிறகு வரும் சாதாரண நாட்கள்

உண்மையில் குழந்தை தேறுவது இந்த நாட்களில்தான். கொடுமை நடந்தபோது குழந்தையின் கையில் எதுவுமே இல்லை: எங்கே, எப்போது, யார் என்று எல்லாவற்றையும் இன்னொருவன் முடிவு செய்தான். அந்தப் பிடியை நாம் சின்னச் சின்னதாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்றைக்கு எந்தச் சட்டை, தோசையா சோறா, விளக்கு எரியட்டுமா அணைக்கட்டுமா, யார் பக்கத்தில் படுப்பது என்று கேளுங்கள். கட்டிப்பிடிக்கும் முன், தலை சீவும் முன், எண்ணெய் தேய்க்கும் முன் கேளுங்கள். "மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு" என்று யாருக்காகவும் கட்டாயப்படுத்தாதீர்கள். வேண்டாம் என்று சொன்னால் வீட்டில் அது செல்லும் என்று குழந்தை கண்ணால் பார்க்க வேண்டும்.

நாளின் வரிசை மாறாமல் இருக்கட்டும். எழும் நேரம், பள்ளி, சாப்பாடு, விளையாட்டு, தூக்கம் என்று அடுத்து என்ன வரும் என்பது தெரிந்திருப்பதே பயந்த பிள்ளைக்கு ஆறுதல். ரயிலுக்குப் போகும் பெற்றோர் இருட்டில் சத்தமில்லாமல் நழுவிப் போகாதீர்கள். எழுப்பிச் சொல்லிவிட்டுப் போங்கள், அல்லது முந்தின இரவே சொல்லுங்கள். மதிய இடைவேளையில் ஒரு போன் என்று வைத்தால் அந்த போன் தவறக் கூடாது. ரயில் தாமதமானால் அதையும் சொல்லுங்கள். பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவார், பிள்ளை யார் வீட்டில் இருக்கும், கூட்டி வருபவர் வராவிட்டால் அடுத்து யார் என்று இரண்டு மூன்று நம்பகமான பெரியவர்களை முடிவு செய்து குழந்தைக்குப் பெயர் சொல்லித் தெரிவியுங்கள். அந்தப் பட்டியலில் இல்லாத யாரோடும் குழந்தையை அனுப்பக் கூடாது, அவர் எவ்வளவு நெருங்கிய உறவானாலும்.

திடீரென்று பயம் பற்றிக்கொள்ளும்போது குழந்தை இங்கே இல்லை, அந்தச் சம்பவத்துக்குள் இருக்கிறது. சாராய நாற்றமோ, ஒரு தலையெண்ணெய் வாசனையோ, தாழ்ப்பாள் சத்தமோ போதும். உலுக்காதீர்கள், திட்டாதீர்கள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து மெதுவாக, "நான் பாட்டி. இது நம்ம வீடு. இப்போ சாயங்காலம். இங்க வேற யாரும் இல்லை" என்று சொல்லுங்கள். கையில் குளிர்ந்த தண்ணீர் டம்ளரைக் கொடுங்கள். கண்ணில் தெரிகிற ஐந்து பொருளின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். உங்களோடு சேர்ந்து மூச்சை மெல்ல வெளியே விடச் சொல்லுங்கள். உடம்பு தணிந்த பிறகுதான் பேச்சு.

கோபத்துக்கு எல்லை வையுங்கள், அடிக்காமல். "உனக்குக் கோபம் வரலாம், தம்பியை அடிக்கக் கூடாது" என்பது போதும். பெரியவர்கள் கையால் அடிபட்ட பிள்ளைக்கு இன்னொரு பெரியவரின் அடி எதையும் கற்றுக்கொடுக்காது. படுக்கையை நனைத்தால் சத்தமில்லாமல் மாற்றுங்கள். மற்றப் பிள்ளைகளிடம் பாலியல் விளையாட்டு விளையாடினால் அதிர்ச்சி காட்டாமல் நிறுத்தி, இது உடம்பின் தனிப்பட்ட இடம் என்று சொல்லிக்கொடுத்து, ஆலோசகரிடம் கூட்டிப்போங்கள். கெட்டுப்போன பிள்ளை என்ற சொல் அந்த வீட்டில் ஒருபோதும் ஒலிக்கக் கூடாது. பள்ளியை நிறுத்தாதீர்கள், விளையாட்டை நிறுத்தாதீர்கள். பாதுகாப்பு என்ற பெயரில் பெண் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டினால் தண்டனை அவளுக்குத்தான்.

பள்ளியில்

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. ஆனாலும் நம் மாவட்டத்திலேயே, மாலூர் வட்டத்தில் உள்ள ஓர் அரசு உறைவிடப் பள்ளியில் தலித் மாணவர்களைக் கழிவுக் குழிக்குள் இறக்கிச் சுத்தம் செய்ய வைத்தது 2023 டிசம்பரில் வெளியே வந்தது. வீடியோ பரவிய பிறகே தலைமை ஆசிரியரும் ஓர் ஆசிரியரும் கைது செய்யப்பட்டார்கள். வீடியோ இல்லாமல் அந்தப் பிள்ளைகள் வாயால் சொல்லியிருந்தால் எத்தனை பேர் நம்பியிருப்போம்? தலித் தொழிலாளர்கள் கட்டிய ஊர் இது. சாதி சொல்லி அவமானப்படுத்துவதும் மனக்காயம்தான், குழந்தைகள் அதையும் உடம்பில் சுமக்கிறார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாதிக்கப்பட்ட பிள்ளை வகுப்பில் வெறித்துப் பார்த்தால் திமிர் என்று முடிவு செய்யாதீர்கள். வாசல் தெரிகிற இடத்தில் உட்கார விடுங்கள். பின்னாலிருந்து தோளைத் தொடாதீர்கள். கூட்டம் தாங்காதபோது எழுந்து போய் ஐந்து நிமிடம் உட்கார ஓர் இடம் காட்டுங்கள். விஷயம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் போதும், ஆசிரியர் அறை முழுக்கத் தெரிய வேண்டியதில்லை.

எப்போது நிபுணரிடம்

நல்ல கவனிப்பு கிடைத்தால் பல பிள்ளைகள் சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள். ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கமில்லை, சாப்பாடு இல்லை, பள்ளிக்குப் போக முடியவில்லை, கெட்ட கனவு நிற்கவில்லை என்றால் நிபுணர் உதவி வேண்டும். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று சொன்னாலோ தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ அன்றே கூட்டிப்போக வேண்டும், தனியாக விடக் கூடாது.

நமக்கு ஒரு வசதி உண்டு. நாட்டின் முதன்மையான மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ், தினமும் நம் ஆட்கள் ரயிலில் போகிற பெங்களூரிலேயே இருக்கிறது. அங்கே குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனிப் பிரிவு உண்டு. கொடுமைக்கு ஆளான குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்க 2020-இல் 'சம்வாத்' என்ற திட்டமும் அங்கே தொடங்கப்பட்டது. பெங்களூரு போக முடியாத நாளில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைத்தால் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

ஆலோசனைக்குப் போனால் நடந்ததை மறுபடி கிளறுவார்கள் என்று பயப்பட வேண்டாம். நல்ல ஆலோசகர் முதலில் விளையாட்டு, படம், கதை வழியாகக் குழந்தைக்குப் பாதுகாப்பு உணர்வைக் கொடுப்பார். பயத்தைத் தணிக்கும் வழிகளைப் பழக்குவார். குழந்தை தயாரான பிறகே அந்த நினைவைத் தொடுவார். மந்திரிப்பதாலும் ஜெபத்தாலும் மனம் ஆறுதல் பெறுகிற வீடுகள் அதைச் செய்யட்டும், சிகிச்சையை நிறுத்தாமல். பேய் பிடித்திருக்கிறது என்று அடிக்கிறவரிடம் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

அம்மாவுக்கும் யாராவது வேண்டும். குழந்தைக்கு நேர்ந்ததைக் கேட்ட பல தாய்மார்களுக்குத் தங்கள் சிறுவயதில் நடந்தது கிளறிக்கொண்டு வருகிறது. இதுவரை யாரிடமும் சொல்லாதவர்கள் அவர்கள். அப்படி ஒருவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அவருக்கு ஒரு செய்தி. சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர் எந்த வயதிலும் புகார் கொடுக்கலாம், அதற்குக் காலக்கெடு இல்லை என்று மத்திய அரசு 2018-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. 2012-க்கு முன் நடந்ததென்றால் போக்சோவுக்குப் பதில் அப்போதிருந்த சட்டப்படி வழக்கு நடக்கும். புகார் வேண்டாம், பேச மட்டும் வேண்டும் என்றாலும் 14416 உங்களுக்கும் உண்டு. இன்றைக்கே அழையுங்கள்.